பழுது: இல்லை

சஹம். வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி.
வண்டியை நிறுத்துவதற்குள் கல்ஃபான் சொல்லிவிட்டார்:
மோட்டார் கெட்டுப்போச்சு, தண்ணீர் கரிக்கிறது.

நான் மோட்டார் பார்க்கிறவன்.
மூடியைக் கழற்றினேன். பேரிங் நலம்.
காயிலில் சூடில்லை. ஆம்பியர் சரியாக ஓடுகிறது.
குழாய் வாயில் கை வைத்தால்
மடி தேடும் கன்றுபோல் முட்டுகிறது நீர்.
ஒரு வாய் ஊற்றித் துப்பினேன்.
தூத்துக்குடி நாக்கு,
இதற்கு மீட்டர் வேண்டாம்.

முதலில் இந்தக் கிணற்றை ஒரு காளை இறைத்ததாம்.
சரிவில் இருபத்திரண்டு எட்டு இறங்கினால்
தோல்சால் மேலே வரும்.
இருபத்திரண்டு எட்டு பின்னால் ஏறினால்
சால் கீழே போகும்.
கயிற்றைப் பிடித்தபடி சால்மீன்.
அவனுக்குக் கூலி காசாக இல்லை,
இத்தனை குலைக்கு ஒரு குலை என்று பேச்சு.
காளைக்கு மூச்சு வாங்கினால் அவனும் நிற்பான்.
அந்த நேரம் பார்த்துக்
கிணறு ஊறிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கவலை என்று பேர்.
கவலை கட்டுவது, கவலை இறைப்பது.
மோட்டார் வந்தது கவலையை ஒழிக்கத்தான்
என்று அரபியில் சொல்லிச் சிரிக்கவைக்க
பத்தொன்பது வருடமாக முயல்கிறேன்,
வரவில்லை.

ஐந்து குதிரைச் சக்தியில் வந்தது முதல் டீசல்.
அதற்கு மூச்சு வாங்காது.
வேலிக்கு அந்தப் பக்கம் ஹமூத் ஏழரை வைத்தார்.
கல்ஃபான் பத்து.
ஹமூத் நாற்பதடி கூடத் தோண்டிப் பதினைந்து.
கல்ஃபான் அறுபதடி தோண்டி இருபது.
கடைசி இரண்டும் நான் விற்றவை.
கோழி கிளறியதுபோல் என் கையெழுத்து
இரண்டு ரசீதிலும்.

ஒரே வேலியின் இரு பக்கமும் நின்று
ஒரே நீரைக் குடித்தன அத்தனை குதிரைகளும்,
ராத்திரியிலும்.
கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி.
அலையடித்து வரவில்லை அது.
நாங்கள் உறிஞ்சிக் காலியாக்கிய இடத்தில்
வெற்றிலை வைத்து அழைத்த சம்பந்தி மாதிரி
சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

எலுமிச்சை முதலில் செத்தது. பிறகு மா.
பேரீச்சை நிற்கிறது,
ஓலை நுனியெல்லாம் துருப்பிடித்து.
ஓலைக்குத் துரு பிடிக்காது, தெரியும்.
என் தொழிலில் கிடைத்த சொல் அதுதான்.

சால்மீன் சோஹார் பக்கம் போனான்,
அலுமினிய ஆலையின் வாசல் காவலுக்கு.
விரல் வைத்தால் பச்சை விளக்கு, உள்ளே.
விரல் வைத்தால் பச்சை விளக்கு, வெளியே.
வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன்.
"மழை பெய்யாவிட்டாலும்
மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது.
முழங்கால் வலிப்பதில்லை.
உனக்கு ஏன் வருத்தம்?" என்றான்.
பதில் இல்லாமல்
அவன் கொடுத்த காவாவைக் குடித்தேன்.

காளை மட்டும் இங்கே இன்னும் உண்டு.
இறைத்த காளையின் எத்தனையாவது வாரிசோ.
சரிவில் ஒரு எட்டு நடந்ததில்லை.
பேரீச்சையும் நெய்யும் காய்ந்த மத்தியும் தின்று
வெள்ளிதோறும் மைதானத்தில்
இன்னொரு வேலையில்லாத காளையை முட்டுகிறது.
இன்றைக்கும் நாலு மணிக்கு முட்டு.
தொட்டியில் மூக்கை வைத்து
முகம் திருப்பிக்கொண்டது.
கல்ஃபான் கடையில் வாங்கிய குடிநீரை,
பாட்டில் பாட்டிலாக,
வாளியில் கவிழ்த்தார்.

படிவத்தில் பழுது என்ற கட்டம்.
இல்லை என்று எழுதினேன்.
பரிசோதனைக் கட்டணம் ஐந்து ரியால்.

எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
இதைவிடப் பெரியது இருக்கிறதா?

வண்டியின் முன்சீட்டில்
வெயிலில் சுருண்டு கிடந்தது விலைப்பட்டியல்.
இருக்கிறது, என்றது
உப்பு காயாத நாக்கு.